உறவில்லாத ஒரு கையெழுத்து

"அப்பா, மத்த எட்டு நாடும் அவங்க பங்குப் பணத்தைத் தர்றோம்னு எழுதிட்டாங்க. நம்ம மால்டா நாட்டுக் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அஞ்சு மணிக்குள்ள போடலைன்னா மொத்த ஆராய்ச்சியும் போச்சு!" என்றாள் டாக்டர் நினெட்டா.

ஆராய்ச்சி நிதித் துறை இயக்குநர் வென்சு நிமிர்ந்து உட்கார்ந்தார். "மக விண்ணப்பத்துல அப்பன் கையெழுத்தா? குடும்பப் பேரு என்னாகும்? நான் விலகிக்கிறேன். துணை இயக்குநர் சல்வு போடட்டும்."

"சித்தப்பாவும் விலகிட்டாரு."

"செயலாளர் கார்மெனா?"

"என் மாமியாரு எப்படிப் போடுவாங்க?"

"சரி, அமைச்சர்?"

"அத்தை புருஷனையே மறந்துட்டீங்களா?"

மணி நாலே முக்கால். வென்சு பேனாவை எடுத்தார், மறுபடி வைத்துவிட்டார்.

"சொந்தமில்லாத ஆளு ஒருத்தர்கூடவா இந்தத் தீவுல இல்ல?"

"இருந்திருந்தா நாம சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கிட்டிருக்க மாட்டோம். நம்ம பிள்ளைங்களுக்கு இந்த ரத்த நோயும் வந்திருக்காது. நான் ஆராயப் போறதே அதைத்தானேப்பா!"