வாசலில் நிற்கும் ஆசிரியர்

முதலியார்பேட்டையில் மாலை வெயில் ஒரு கூடத்துக்குள் சாய்கிறது. தன் சங்கீதப் பத்திரிகையை யார்தான் படிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம் என வந்த ஆசிரியர் தாவீது, சந்தாதாரர் ஞானாம்பாளை வாசலிலிருந்து கூப்பிடுகிறார். அவள் திரும்பவில்லை. மடியில் விரித்த பத்திரிகையின் ஸ்வர வரிகள்மேல் ஒரு விரல் நகர்கிறது. மறு கை தொடையில் தாளம் போடுகிறது. உதடுகள் சத்தமில்லாமல் அசைகின்றன. அவர் நிழல் பத்திரிகைமேல் விழுந்ததும் நிமிர்கிறாள். அவர் கையிலும் அதே பத்திரிகை.

"நீங்கதான் போடுறீங்களா? எனக்குக் காது சுத்தமா கேக்காதுங்க. கேக்கறவங்க கச்சேரிக்குப் போவாங்க. எனக்கு இதான் பாட்டு. அடுத்த மாசமும் வருங்களா?"

"வராதும்மா" என்கிறார் தாவீது, மெதுவாக. தலை மட்டும் ஆமென்று ஆடுகிறது. அவள் அந்தத் தலையாட்டலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தாளத்தைத் தொடர்கிறாள்.