எழுபத்து மூன்று நாற்காலிகள்

"இது பெட்டிக்கா, குப்பைக்கா சார்?" சிவப்பு டிராகன் போட்ட கொடியைத் தூக்கிக் காட்டினாள் ஜோஹ்ரா.

"குப்பைக்கா? எங்க வேல்ஸ்காரங்க காதுல விழுந்தா உன்னையும் சேர்த்துப் போட்ருவாங்க!" என்று சிரித்தார் எம்ரிஸ்.

பிரஸ்ஸல்ஸ், ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஏழாவது மாடி. 2020 ஜனவரியின் கடைசி நாள். அன்றோடு பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுகிறது. அந்நாட்டு உறுப்பினர்கள் எழுபத்து மூன்று பேரும் காலையிலிருந்தே அறைகளைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். இந்த அறையில் எம்ரிஸ் பதினேழு வருஷம் இருந்தார். அதில் பதினாலு வருஷம் இதைக் கூட்டித் துடைத்தவள் ஜோஹ்ரா.

அலமாரியோரம் தரையில் உட்கார்ந்து கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தாள் நூரியா. ஸ்பெயின்காரி, நாற்பது வயதிருக்கும். சட்டையில் பார்வையாளர் அட்டை. போன கோடையிலிருந்து வாரம் தவறாமல் வருகிறாள். இங்கே அவளுக்கு என்ன வேலை என்று ஜோஹ்ராவுக்குப் பிடிபட்டதே இல்லை. 'பெண்டாட்டி போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு, மனுஷன் துணை தேடிக்கிட்டார்' என்று மற்ற துப்புரவுப் பெண்களிடம் சொல்லியும் வைத்திருந்தாள்.

பிரிட்டன் விலகக் கூடாது என்று அக்டோபரில் லண்டனில் ஊர்வலம் நடந்தபோது எம்ரிஸோடு நூரியாவும் போனாள். கோஷம் போட்டுவிட்டுத் திரும்பியவளுக்கு நாலு நாள் குரலே இல்லை.

இப்போது கோப்பின் மேல் சொட்டென்று ஒரு துளி விழுந்தது.

"போறவன் நானே அழல. நீ ஏம்மா குழாயைத் திறந்து விட்டிருக்கே?" என்றார் எம்ரிஸ்.

"முந்தாநாள் கடைசி ஓட்டு முடிஞ்சதும் நீங்க அழுததை டி.வி.ல ஊரே பார்த்துச்சு."

"அது ஜலதோஷம்!"

ஜோஹ்ராவால் அடக்க முடியவில்லை. "தப்பா நினைக்காதீங்கம்மா. விலகறது இவர் நாடு, வேலை போறதும் இவருக்கு. இதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?"

எம்ரிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "நூரியா, பதில் சொல்லு!"

"எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல," என்றாள் நூரியா, மூக்கைத் துடைத்தபடி. "அதுதான் தாங்கல."

ஜோஹ்ராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கதவைத் தட்டிக்கொண்டு நிர்வாக அதிகாரி வந்தார். எம்ரிஸிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். "எல்லாம் முடிஞ்சுது சார். நீங்க கேட்டபடியே அறையை ஒதுக்கிட்டோம்."

பிறகு தரையில் இருந்தவளைப் பார்த்தார். "நூரியா ஃபெராந்திஸ் நீங்கதானே? அந்தப் பார்வையாளர் அட்டையைக் குடுத்துடுங்க."

அவள் தயங்கியபடி எழுந்து கழற்றிக் கொடுத்தாள்.

"வாழ்த்துகள் மேடம். மே மாசத் தேர்தல்லயே ஜெயிச்சும், பிரிட்டன் காலி பண்ணினாதான் இடம்னு எட்டு மாசமா வெளியிலயே நிறுத்தி வச்சிருந்தாங்க. நாளையிலிருந்து நீங்க உறுப்பினர், இந்த அறை உங்களுது. இவங்க மட்டும் மனசு மாறி இருந்துட்டிருந்தா, உங்களுக்கு அந்தப் பதவி கிடைச்சே இருக்காது!"