இரண்டு வருஷம் குடியிருந்தால்

ஜூலை முதல் தேதி காலை ஏழு மணிக்கு, இரண்டு பெட்டிகளோடும் ஒரு மேஜை விளக்கோடும் சின்னவன் அப்பா வீட்டில் வந்து இறங்கினான்.

"எதுக்குடா?" என்றார் அப்பா, கதவைப் பாதி திறந்தபடி.

"வரிக்காகப்பா."

அம்மா இறந்தபோது வீட்டில் அவள் பங்கு, பிள்ளைகள் இருவர் பேருக்கும் வந்தது. என்றைக்காவது வீட்டை விற்றால் அரசுக்கு வரி கட்ட வேண்டும். பங்குதாரர் அந்த வீட்டிலேயே தொடர்ந்து இரண்டு வருஷம் குடியிருந்திருந்தால் அவர் பங்குக்கு வரி இல்லை. சின்னவன் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அப்பா ஒரு பெட்டியை உள்ளே இழுத்துவிட்டார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷம் ஊரையே ஏற்றி இறக்கியவருக்கு, தன்னை யாராவது கை பிடித்தால் ஆகாது. அந்த மார்ச்சில் குளியலறையில் வழுக்கி விழுந்து, விடியும்வரை தரையிலேயே கிடந்தார். அதற்குப் பிறகும் பிள்ளைகளிடம் போய் இருக்க மறுத்துவிட்டார். மகள் அமர்த்திய நர்சம்மாவுக்கு டீ போட்டுக் கொடுத்து, அன்று மாலையே அனுப்பிவைத்தார். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருப்பது சந்தேகம் என்று டாக்டர் சொன்னதை அவரிடம் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை.

வரி என்றால் மட்டும் வேறு விஷயம்.

"செங்கல் சுமந்தது நான். அரசாங்கம் ஒரு சட்டி சாந்து தூக்குச்சா? விக்கும்போது மட்டும் பங்காளி மாதிரி வந்து நிக்குது."

மகளுக்கு, அதாவது பெரியவளுக்கு, இந்தப் பேச்சு பிடிக்காது. அவள் வேறு ஊரில் வங்கி அதிகாரி. கணவர் கப்பல் இன்ஜினியர், வருஷத்தில் எட்டு மாதம் கடலில். வாசலுக்கு ரோடு வந்த பிறகுதானே வீட்டுக்கு விலை வந்தது, அந்த ரோட்டை நீங்களா போட்டீர்கள் என்று அப்பாவையே கேட்பாள். வரி கட்டுவதில் அவளுக்கு வருத்தமில்லை. தம்பி மேல்தான் வருத்தம்.

"அப்பா விழுந்தப்ப ரெண்டே நாள் இருந்துட்டுக் கிளம்பிட்டான். வரின்னதும் பெட்டியோட வந்துட்டான் பாருங்க" என்று கணவரிடம் போனில் பொருமினாள். "ரூம் வாடகையும் மிச்சம்."

சின்னவனுக்குச் செயற்கைப் பல் செய்யும் வேலை. முன்பு பட்டறைக்கு நடந்தே போனவன், இப்போது இரண்டு பஸ் மாறிப் போனான்.

பிப்ரவரியில் பட்ஜெட் வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் கையில் இருக்கும் வீட்டை விற்றால் இனி வரியே கிடையாது, யாரும் குடியிருந்து காட்டவும் வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். அப்பாவின் வீட்டுக்கு முப்பத்தெட்டு வயது.

மறுநாள் காலையிலேயே பெரியவள் போன் செய்தாள். சின்னவன் எடுத்தான். செய்தி பார்த்தாயா என்றதற்கு, இன்றைக்குப் பேப்பரே வரவில்லை என்றான். அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள். டிவி ரிப்பேர் என்றார் அப்பா. அவள் விஷயத்துக்கு வருவதற்குள், பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டார்.

பெரியவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பேப்பரை ஒளித்து, டிவி ஒயரைப் பிடுங்கி, அப்பாவை இருட்டில் வைத்திருக்கிறான். மொத்த வீட்டையும் அமுக்கப் பார்க்கிறான்.

இரண்டு மாதம் பொறுத்தாள். தம்பி கிளம்புகிற மாதிரி தெரியவில்லை. ஏப்ரலில் லீவு போட்டு வந்தவள், நேராகக் குடும்ப வக்கீலிடம் போனாள். சட்டம் மாறியது தம்பிக்குத் தெரியுமா, தெரியாதா என்று கேட்டாள்.

"தெரியுமே. பட்ஜெட்டுக்கு மறுநாளே வந்தார்" என்றார் வக்கீல். "'அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் சார். தெரிஞ்சா என்னை அனுப்பிடுவார். மறுபடி விழுந்தா தூக்க ஆள் இருக்காது'ன்னார்."

பெரியவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். அப்படியானால் அப்பாவுக்குத்தான் பாவம் ஒன்றும் தெரியாதா என்றாள்.

"அவருக்கா? முந்தின நாள் ராத்திரியே போன் பண்ணிட்டார். 'பையன்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க, தெரிஞ்சா பெட்டியைக் கட்டிடுவான்'னார்." வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு பேருக்கும் வாக்குக் குடுத்தவன், உங்ககிட்ட உளறிட்டேன். காட்டிக் குடுத்துடாதீங்கம்மா."

வீட்டில் குளியலறைச் சுவரில் புதிதாக ஒரு எஃகுக் கம்பி இருந்தது. துண்டு போடுவதற்காம். அப்பாதான் சொன்னார். ஆளே தொங்கினாலும் தாங்கும்போல இருந்தது.

அன்று இரவு சாப்பிடும்போது அப்பா வழக்கம்போல அரசாங்கத்தைத் திட்டினார். இன்னும் பதினைந்து மாதம் பொறுத்துக்கொண்டால் போதும் என்று சின்னவன் அவருக்குத் தண்ணீர் ஊற்றினான்.

"அதுக்கப்புறம்?" என்றாள் பெரியவள்.

"ரசம் ஆறுது, முதல்ல சாப்பிடு" என்றார் அப்பா.

அடுத்த ஆண்டு ஜூன் பதினான்காம் தேதி, சின்னவனின் இரண்டு வருஷம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, பெரியவள் உள்ளூர்க் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள்.

"எதுக்கும்மா?" என்றார் அப்பா, கதவை முழுதாகத் திறந்து.

"வரிக்காகப்பா. என் பங்குக்கும் ரெண்டு வருஷம் குடியிருக்கணுமில்ல? அதுவரைக்கும் தம்பியும் காலி பண்ணக் கூடாதாம்."