உப்பில் இருப்பது

மகள் குளிக்கப் போனதும் அம்மா அவளுடைய பள்ளிப் பையைத் திறந்தாள். காலையிலிருந்தே அந்த வாசனை உறுத்திக்கொண்டிருந்தது. புத்தகங்களுக்கு அடியில், பழைய துணியில் சுற்றி, ஒரு மண்ணெண்ணெய் பாட்டில்.

பரீட்சையில் பெயிலான நாளிலிருந்து மகளுக்கு முகமே சரியில்லை. “நான் ஒருத்தி இல்லேன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதிதானே” என்று நேற்றுதான் சொன்னாள். என்னடி படிக்கிறே என்று கேட்டதற்கு, “வகுப்புல ஆளுக்கு ஒரு தனிமம். எனக்கு உப்புல இருக்கிறது. இதுலயாவது மார்க் வாங்கிக் காட்டறேன்” என்றாள்.

உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்?

சமையலறைத் தொட்டியில் பாட்டிலைக் கவிழ்த்தாள். எண்ணெய் போயிற்று, அடியில் கிடந்த சாம்பல்நிறக் கட்டிகள் வரவில்லை. கழுவினால் போய்விடும் என்று பாட்டிலைக் குழாய்க்கு நேர் கீழே வைத்துத் திருகினாள். குழாய் வெறும் காற்றைக் கக்கியது.

“தண்ணி நின்னுபோச்சும்மா. மோட்டார் போட்டுட்டேன்.” ஈரத்தலையோடு வந்த மகள், திறந்து கிடந்த பையைப் பார்த்தாள். “என் பாட்டில் எங்கே?”

“சாகறதுக்கா வாங்கிட்டு வந்தே?” அம்மா குழாயைத் திறந்தபடியே விட்டு ஓடிவந்து அவளை இறுகக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“லூசாம்மா நீ? அது சோடியம். இன்னிக்கு வகுப்புல காட்ட, மிஸ்ஸுக்குத் தெரியாம லேப்ல எடுத்தது. தண்ணி பட்டா வெடிச்சிரும்னுதான் மண்ணெண்ணெயில போட்டு வைப்பாங்க. பாட்டில் எங்கேம்மா?”

அம்மாவின் பிடி தளர்ந்தது. சமையலறைச் சுவருக்குள் தண்ணீர் இறங்கி வரும் சத்தம் கேட்டது.