கட்டையனும் நெட்டையனும்

சோதனையில் தோற்கும் துப்பாக்கியை உருக்கிவிடுவார்கள். சேற்றில் முக்கி எடுத்த பிறகும் குட்டைத் துப்பாக்கி கட்டையன் திக்காமல் முப்பது குண்டுகளையும் கக்கி முடித்தான்.

"உன் குண்டெல்லாம் மூலைக்கு ஒண்ணாப் போச்சே, அண்ணே! என் அஞ்சு குண்டு பட்ட இடத்தை ஒத்தை ரூபாய்க் காசு மூடிடும்," என்றான் பக்கத்தில் இருந்த நீளத் துப்பாக்கி நெட்டையன்.

"சேறு பட்டதும் உனக்குத் தொண்டை அடைச்சுதே, தம்பி!"

அதற்குள் சோதனையின் முடிவு வந்தது. யாரையும் உருக்கவில்லை. கட்டையனை ஒரு நாடு வாங்கியது. நெட்டையனை அதன் பகை நாடு வாங்கியது.

"எல்லையில நேருக்கு நேரா பாத்துடலாம்டா!" கட்டையன் துள்ளினான்.

குறிக்கு நிறுத்தியிருந்த அட்டை மனிதன், நெஞ்செல்லாம் ஓட்டையாக, மெல்லக் கேட்டான்: "அங்கே என் இடத்துல யாருப்பா நிப்பாங்க?"

"யாரோ. அசையாம நின்னாப் போதும்," என்றான் நெட்டையன்.

"ஓடினாலும் எனக்குப் பரவாயில்லை!" என்றான் கட்டையன்.