வெள்ளைச் சீலை வாத்துகள்

பனி உருகும் வயலில் தம் இனம் மேய்கிறதென்று நம்பினால்தான் பனிவாத்துகள் இறங்கும். போன வசந்தத்தில் தவரூபன் வாத்துகள் போலத் தெரியக் கம்புகளில் கட்டிய பிளாஸ்டிக் பைகள் வெயிலில் மினுங்க, வந்த கூட்டமெல்லாம் ஒரு வட்டமடித்துவிட்டுப் போய்விட்டது. இந்த முறை மினுங்காத பருத்தித் துணி வேண்டும்.

"அம்மா, பழைய வெள்ளைச் சீலை ஒண்டு தாங்கோ. நாளைக்கு வேட்டைக்குப் பொம்மை வாத்து செய்யவேணும்."

அப்பா செத்த நாளிலிருந்து, இந்தக் குளிர்நாட்டுக்கு வந்த பிறகும், அம்மாவுக்கு வெள்ளைதான். அலுமாரியில் இருந்ததையெல்லாம் அள்ளி வந்து அவன் முன்னால் போட்டாள்.

"எல்லாத்தையும் வெட்டினா நீங்கள் என்னத்தை உடுப்பியள்?"

"நீ வெட்டு."

வெட்டி, காற்றுப் புக வாய் விட்டுத் தைத்து, வீட்டுக்குப் பின்னால் பனியில் நட்டுப் பார்த்தான். ஒவ்வொன்றும் வயிறு பருத்துத் தலையாட்டியது. அம்மா சன்னலோரம் நின்று பார்த்தாள்.

"வடிவாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் துணி கிடைச்சா வயல் நிறைஞ்சிடும்" என்றான் உள்ளே வந்து.

அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்தபோது மாம்பழ நிறச் சீலை உடுத்தியிருந்தாள். பெட்டிக்குள் மடிந்து கிடந்ததன் கோடுகள் அதில் அப்படியே இருந்தன. அதுவரை உடுத்தியிருந்த வெள்ளையை அவனிடம் நீட்டினாள்.

"இதையும் வெட்டு."

அவன் கத்தரிக்கோலைத் தேடினான். அது அவன் கையிலேயே இருந்தது.