இறங்காத கை

தபால்காரர் சிங்காரவேல் வாசலில் நின்று ஒரு பதிவுத்தபால் உறையையும் பேனாவையும் நீட்டுகிறார். இஞ்ஞாசியின் கை வேட்டியைப் பிடித்தபடியே இருக்கிறது. தண்டவாளம் பார்க்கும் ஒப்பந்த வேலை போனபின், வேலையில்லாக் காலத்துக்கென்று அவர் கேட்ட உதவித்தொகையை அலுவலகத்தில் ஒருமுறை மறுத்துவிட்டார்கள். மேல்முறையீட்டின் முடிவு அந்தப் பழுப்பு உறைக்குள் இருக்கிறது. அதற்கு மேல் போய் நிற்க வேறு வாசல் கிடையாது. பீங்கான் பட்டறைத் தூசு முருங்கை இலைகளில் வெள்ளையாகப் படிந்து வெயிலில் கண்ணைக் கூச வைக்கிறது. "கையெழுத்து போடலன்னா இது நமக்குச் செல்லாதுல்லங்க?" என்கிறார் இஞ்ஞாசி. "வாங்க மாட்டன்னுட்டாருன்னு எழுதி அனுப்பிடுவேங்க. அப்பவும் வாங்குன கணக்குதான்." வீட்டுக்குள் மனைவி உபகாரமேரி முணுமுணுத்துக்கொண்டிருந்த ஜெபமாலை பாதியில் நின்றுபோகிறது. அந்நேரம் வீட்டுக்கு எதிரே உள்ள தண்டவாளத்தில் ரயில் வருகிறது. தடம் சரியென்று கொடி காட்டிய பழக்கத்தில் இஞ்ஞாசி அதன் பக்கம் திரும்பி வெறுங்கையை நீட்டுகிறார். கடைசிப் பெட்டியில் நிற்கும் கார்டு, வேலையில் இருக்கும் ஆள் என்று எண்ணி, பதிலுக்குப் பச்சைக்கொடியை அசைத்துவிட்டுப் போகிறார். சத்தம் தேய்ந்து அடங்குகிறது. நீட்டிய கை மட்டும் இறங்கவில்லை. இறக்கினால் பேனாவைப் பிடிக்க வேண்டும்.